வாயை மூடியிருக்கும் ஒரு மணி நேரம்

மாஸ்க்கைத் தன் முகத்திலேயே ஒரு முறை மாட்டிக் காண்பித்துவிட்டு, அந்த அம்மாள் என் கணவரைப் பார்த்து, "ஐயா, எத்தனை வருஷமா வாயாலயே மூச்சு விடறீங்க?" என்று கேட்டாள். மெஷின் கம்பெனிக்காரி. எங்கள் வயதுதான் இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் மனிதத் தலையைப் பாதியாக வெட்டிய படம் ஒன்று. மூக்கில் நுழைந்த நீல அம்புக்குறி தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முந்தின வாரம்தான் இவரை ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்க வைத்து, தலையெல்லாம் ஒயர் ஒட்டி, தூக்கத்தில் மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். இப்படியே விட்டால் இருதயம் தாங்காது, தினமும் மெஷின் வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்கைத்தான் முதலில் மாட்டினார்கள். இரண்டே நிமிஷம்தான். "பானைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு" என்று பிய்த்து எறியாத குறையாகக் கழற்றினார். மூக்குக்கு மட்டும் போடுகிற சின்ன மாஸ்க்தான் பாக்கி. அதற்கு ஒரே நிபந்தனை, வாயை மூடியிருக்க வேண்டும். மெஷின் மூக்கு வழியாகத் தள்ளும் காற்று தொண்டையைத் திறந்து பிடிக்கும். வாயைத் திறந்தால் அத்தனையும் அந்த வழியாக வெளியே போய்விடும், தொண்டை பழையபடி மூடிக்கொள்ளும்.

"இருபத்திநாலு வயசுல இருந்து" என்றார் இவர்.

எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாளைக் கேட்டாலே என் முகத்தைப் பார்க்கிற மனுஷன், வாய் திறந்த வருஷத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாரே என்று பார்த்தேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "தோல் கம்பெனியில ஈரப் பிரிவும்மா. பச்சைத் தோல் வந்து இறங்கும், சுண்ணாம்புத் தொட்டில ஊறும். நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். மொத நாள் எனக்கு ரெண்டு தடவை வாந்தி. மேஸ்திரிதான் சொன்னாரு, 'மூக்கைப் பூட்டு, வாயைத் திற, ஒரு மாசத்துல பழகிடும்'னு. பழகிடுச்சு. நாங்க பதினெட்டுப் பேரு. பதினெட்டுப் பேருமே வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் திரிவோம். வெளிய வந்தாக்கூட மூட மறந்துபோகும்." மாஸ்க்கம்மா சிரித்தாள். இவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஏன் என்றால், அந்தத் திறந்த வாயை நம்பித்தான் நான் இவருக்குக் கழுத்தை நீட்டினேன்.

நானும் அதே கம்பெனிதான். தரம் பிரிக்கிற அறை. வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல், இடுப்பளவு உயர மேஜைகள், பதனிட்டு முடித்த தோல் ஒவ்வொன்றாக எங்கள் கைக்கு வரும். வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் தடவி, முள் கீறினது, உண்ணி கடித்தது, சுண்ணாம்பு அதிகமாகித் தின்றது என்று குற்றம் குற்றமாகப் பார்த்து, பின்பக்கம் சாக்பீஸால் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும். சுண்ணாம்புக் குற்றங்களை மட்டும் தனிச் சீட்டில் எழுதி ஈரப் பிரிவுக்கு அனுப்புவோம். தினமும் பதினொரு மணிக்கு அங்கிருந்து ஓர் ஆள் வந்து வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போவார். அப்படி ஒரு நாள் வந்தவர் இவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஒல்லி உடம்பு, பெரிய கண்கள், வாய் ஆவென்று திறந்திருந்தது. நான் சீட்டை நீட்டுகிறேன், வாங்கவில்லை; நிற்கிறார், வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. என்னைப் பார்த்து ஒருவர் வாயடைத்துப் போகவில்லை, வாய் திறந்தே போய்விட்டார் என்றால் அந்த வயதில் தலைகால் புரியுமா? சிரித்துவிட்டேன். மறுநாளும் அவரே வந்தார், அதற்கு மறுநாளும். வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் சம்பந்தத்தைப் பேசி முடிக்கிற நிலையில் வைத்திருந்தார்கள். அவர் உதட்டைப் பிரிக்காமல் சிரிப்பவர், பரீட்சைத் தாளைப் பார்ப்பது போலத்தான் என்னைப் பார்ப்பார். வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்று, அப்பாவிடம் அறை வாங்கி, ஆறு மாதம் யாரோடும் பேசாமல் இருந்து, கடைசியில் இவரைக் கட்டிக்கொண்டேன்.

இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், சம்பந்தி வீட்டில் சொல்லியிருக்கிறேன், பல் டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் இவர் தலையைக் குனிந்துகொள்வார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், மெஷின் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இவர் கேட்டார்: "இது சரியாயிட்டா நீ ரூமுக்கு வந்துடுவேல்ல?"

குறட்டை தாங்க முடியாமல் நான் சின்னவன் அறைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் படிக்க வெளியூர் போனபோது, அங்கே ஃபேன் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லித் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். இவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததே எனக்கு ஒரு குறையாக இருந்தது. இப்போது கேட்கிறார், அதுவும் இன்றைக்குப் பார்த்துக் கேட்கிறார். "பாக்கலாம்" என்றேன்.

முழித்திருக்கும்போதே தினமும் ஒரு மணி நேரம் மாஸ்க்கை மாட்டி, வாயை மூடிப் பழகவேண்டும், வாய் பழகினால்தான் தூக்கத்திலும் மூடியிருக்கும் என்று மாஸ்க்கம்மா சொல்லியிருந்தாள். நாலு வாரம் கழித்து மெஷினிலிருக்கும் கார்டைப் போட்டுப் பார்ப்பாளாம். எத்தனை நிமிஷம் போட்டார், எவ்வளவு காற்று வீணாயிற்று என்று எல்லாம் தெரிந்துவிடுமாம். மத்தியானம் மூன்றிலிருந்து நான்கு என்று வைத்துக்கொண்டோம். ஜன்னலோர நாற்காலியில் இவர், பக்கத்து ஸ்டூலில் மெஷின். முதல் நாள் பழக்க தோஷத்தில் "தண்ணி" என்று கேட்க வாயைத் திறந்தார். மூக்கில் போன காற்றெல்லாம் வாய் வழியே புஸ்ஸென்று பாய்ந்து, உதடு இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. கோபமாக இருந்தவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் கோபம் நினைவுக்கு வந்தது.

அவருக்கு நான் கோபமாக இருப்பதே தெரியாது. வாயை மூடுவதிலேயே முழுக் கவனமும். நாற்பது வருஷமாகச் சும்மா இருந்த மூக்கு திடீரென்று வேலைக்கு வரச் சொன்னால் வருமா? மூக்கடைப்பு, தும்மல், சலைன் சொட்டு மருந்து என்று ஒரு வாரம் திண்டாடினார். பெரியவள் போனில் கேட்டாள், "அப்பா வாயை மூடறாராம்மா?" என்று. கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். "உன்னைப் பாத்துப் பொளந்த வாயாச்சே, அவ்வளவு சீக்கிரம் மூடுமா?" எனக்குச் சுருக்கென்றது. போனை இவர் பக்கம் நீட்டினேன். இவரும் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பேசாத போனில் அவள் கொஞ்ச நேரம் அலோ அலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

எட்டாம் நாள் நான் கேட்டே விட்டேன். எதிரில் உட்கார்ந்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "அன்னைக்கு வாயைப் பொளந்துட்டு நின்னீங்களே, அது எனக்காகவா, மூச்சுக்காகவா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விரலைத் தூக்கி மெஷினைக் காட்டினார்.

மணி மூன்று இருபது. நான்கு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றுவார், பதில் வரும். மூன்று ஐம்பதுக்கு நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு சோப்பை வாங்கிக்கொண்டு ஐந்து மணி வரை தெருத் தெருவாக நடந்தேன். டீ குடிக்கும்போது "நீ கேட்டியே" என்று ஆரம்பித்தார். "சர்க்கரை போதுமா?" என்றேன். மறுநாளும் கேட்டேன், மறுநாளும் கடைக்குப் போனேன். வீட்டில் சோப்பு சேர்ந்துகொண்டே போயிற்று. அவர் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துத்தான் கேட்கிறேன் என்பது எனக்கே விளங்க ஐந்தாறு நாள் ஆயிற்று. ஆமாம், பயம்தான். மூச்சு என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? முப்பத்தெட்டு வருஷத்தை எடுத்துக்கொண்டு போய் எந்த ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன்? கேட்காமலும் இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டு, பழைய நாட்களையெல்லாம் அவர் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். கம்பெனி விட்டு டவுன் பஸ்ஸில் நாம் ஏறினால் மற்ற கம்பெனிக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்களே, நினைவிருக்கிறதா. நீங்கள் படியிலேயே நின்றுகொண்டு வருவீர்களே, உள்ளே வந்தால் என் மேலும் அந்த வாடை ஒட்டிவிடும் என்று. கல்யாணமான புதிதில் எலுமிச்சம்பழத் தோலால் உங்கள் கையைத் தேய்த்து விடுவேனே. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்கள் மட்டும் மாஸ்க்குக்கு மேலே சில நேரம் ஈரமாகப் பளபளத்தன. காற்று கண்ணில் அடித்தாலும் அப்படித்தான் ஆகும் என்று மாஸ்க்கம்மா சொல்லியிருக்கிறாள்.

பதினாலாம் நாள் எனக்கு என்ன கோளாறோ தெரியவில்லை, "பேசாம அந்த வாத்தியாரையே கட்டியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மணி மூன்றரைகூட ஆகவில்லை. அவர் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், பட்டையை உருவி, மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்தார். மெஷின் யாருக்கும் இல்லாமல் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

"மொதல்ல அது மூச்சுதான்" என்றார். "உன்னை நான் பாக்கவே இல்லை. சீட்டைத்தான் பாத்துட்டு நின்னேன், இன்னைக்கு எத்தனை தப்பு போட்டிருக்காங்களோ, மேஸ்திரி என்ன திட்டுவாரோன்னு. நீ சிரிச்சே. எங்க ஈரப் பிரிவு ஆளுங்களைப் பாத்தா எல்லாரும் மூக்கைப் பிடிப்பாங்க. யாரும் சிரிச்சதில்ல. எதுக்கு இந்தப் பொண்ணு சிரிக்குதுன்னு எனக்குப் புரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் மறுநாள் இன்னொருத்தன் முறையைக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்."

நான் மடித்த துணியை மறுபடி பிரித்துக்கொண்டிருந்தேன். "அப்புறம்?"

"அப்புறம் வாய் தொறந்திருந்துச்சா மூடியிருந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?"

"இத்தனை வருஷமா நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. ஒரு தடவையாவது சொல்லக்கூடாதா?"

அவர் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். பட்டையை நிதானமாக இழுத்துச் சரிசெய்தார், வாயை மூடினார், விரலால் மெஷினைக் காட்டினார். மாஸ்க்குக்குக் கீழே மீசை லேசாக அசைந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. அழுகையாகவும் வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சொக்கிப் போகவில்லை. நான் தப்பாகப் புரிந்துகொண்டு சிரித்த ஒரு சிரிப்புக்குப் பின்னால் வந்து, முப்பத்தெட்டு வருஷமாக இங்கேயே இருக்கிறார். தோலில் ஒரு ஊசிமுனைத் தழும்பைக்கூட விடாமல் கண்டுபிடித்தவள் நான், மனுஷன் வாயைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். இது நான் சொல்லிவந்த கதையைவிடக் குறைந்த தரமா, உயர்ந்த தரமா என்று எனக்கு எண் போடத் தெரியவில்லை.

அன்றைக்கு நான் கடைக்குப் போகவில்லை. வெயில் சாய்ந்து ஜன்னல் கம்பிகளின் நிழல் அவர் சட்டை மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் தூங்கியிருந்தார். சத்தமே இல்லை. உதடுகள் சேர்ந்திருந்தன. வாய் மூடித் தூங்கும் இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கன்னம் இறுகி, தாடை தெரிந்து, வேறு யாரோ போல, கொஞ்சம் இளையவர் போல இருந்தார். நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். நின்றுகொண்டிருக்கும்போதே தாடை மெல்லத் தளர்ந்தது, உதடுகள் பிரிந்தன, மெஷின் சத்தம் மாறிச் சீறத் தொடங்கியது. எழுப்பலாம் என்று கையை நீட்டியவள், எழுப்பாமல், உள்ளங்கையை அவர் மோவாய்க்கு அடியில் கொடுத்து மேலே தூக்கிப் பிடித்தேன். சீறல் அடங்கிற்று. நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கிற்று. இரண்டு நாள் தாடி கையில் குத்தியது. ஸ்டூலில் மெஷின் இருந்ததால் உட்கார இடமில்லை, குனிந்தபடியே நின்றேன். வலது கை மரத்துப்போனதும் இடது கையைக் கொடுத்தேன். கை மாறிய அந்த இடைவெளியில் அவர் வாய் கொஞ்சம் திறந்தது. உள்ளிருந்து வந்த வெதுவெதுப்பான காற்று என் விரல்களின் மேல் பட்டது.