தியேட்டர் பிரிண்டில் ஒரு சிரிப்பு

ஆபீஸில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். வைத்தவன் கேலிக்குத்தான் வைத்தான், அது பட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டது. நாலு மேஜை தள்ளி ஒருவன் மிட்டாய்த் தாளைப் பிரித்தால், "எனக்கு ஒண்ணு எங்கே?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்பாள். அதற்கப்புறம் யாருக்குத்தான் நிம்மதியாகத் தின்ன மனசு வரும்?

சம்பளமும் அந்தக் காதுக்குத்தான். இணையத்தில் உலவுகிற திருட்டுப் படங்களைத் தேடிப் பிடித்து ஒழித்துக்கட்டுவது அந்த ஆபீஸின் தொழில். படம் வெளியான அன்றே எவனாவது ஒருவன் சட்டைப்பையில் கேமராவைச் செருகிக்கொண்டு தியேட்டரில் உட்கார்ந்துவிடுவான். பொழுது சாய்வதற்குள் அந்தத் தியேட்டர் பிரிண்ட் உலகமெல்லாம் பரவிவிடும். பேரை மாற்றுவார்கள், ஓரத்தை வெட்டுவார்கள், படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுவார்கள். என்ன தகிடுதத்தம் செய்தாலும், அன்றைக்கு அந்த அரங்கில் கேட்ட சத்தத்தை மட்டும் ஒருவரும் துடைப்பதில்லை. ஒரு குழந்தையின் அழுகை இருக்கும், யாரோ ஒருவரின் தும்மல் இருக்கும். பாம்புக்காது ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேறெங்கும் கிடைக்காத ஒரு சத்தத்தை அதிலிருந்து பொறுக்கி எடுத்து மெஷினுக்குக் கொடுப்பாள். அடையாளச் சத்தம் என்பார்கள். மெஷின் அதை மோப்பம் பிடித்துக்கொண்டே போய் ஒவ்வொரு பிரிண்ட்டாக அழித்துவிடும்.

வேலையில் படு கறார். "அம்மா படுத்த படுக்கையா இருக்காங்கக்கா, ஒரே ஒரு படம்தான்" என்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போன ஒருவனை, மேனேஜரிடம் சொல்லி வேலையை விட்டே தூக்க வைத்தவள். "படம் எடுத்தவனுக்கும் அம்மா இருப்பாங்க இல்ல?" என்று கேட்டாள். கேட்டதென்னவோ நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது.

வீட்டு நாற்காலியும் காலிதான். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பிள்ளைகுட்டி கிடையாது. அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவள் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள், ஒரு தட்டுக்காக எதற்கு மேஜையைத் துடைப்பது என்று.

அந்த மனுஷனின் சிரிப்பு இருக்கிறதே, அப்பப்பா! கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பழைய ஸ்கூட்டரை உதைக்கிற மாதிரி முதலில் நாலு உதை உதைக்கும். அப்புறம் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் விக்கலில் போய் முடியும். ஆஸ்பத்திரி வராந்தாவோ ஓடுகிற பஸ்ஸோ, இடம் பொருள் ஏவல் எதுவும் கிடையாது. இவளோ நாலு பேர் திரும்பிப் பார்த்தால் உயிர் போய் உயிர் வருகிற ரகம். தொடையில் கிள்ளுவாள், முறைப்பாள், "மானம் போகுதுங்க" என்று பல்லைக் கடிப்பாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதே கதைதான்.

அவர் போன பிறகு தன் போன், அவர் போன் இரண்டையும் சல்லடை போட்டுச் சலித்தாள். வீடியோவிலெல்லாம் மனுஷன் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க நிற்கிறவர் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறார். குரல் பதிவுகளில் "பால் வாங்கிட்டேன்", "லேட்டாகும், நீ சாப்பிட்டுடு". ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை. ஊரில் உள்ள சத்தமெல்லாம் கேட்கிற காதிலிருந்து அந்த ஒரு சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போய்க்கொண்டிருந்தது. விக்கல் ஒன்றா இரண்டா என்று ஒருநாள் சந்தேகம் வந்தபோது, அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இப்படியிருக்கையில்தான் அந்தப் படம் மேஜைக்கு வந்தது. புது இயக்குநர் ஒருவன் கடன் உடன் வாங்கி எடுத்த சின்னக் காமெடிப் படம். வெளியான அன்றே பிரிண்ட் பரவி, தியேட்டரில் ஈ ஓட்டி, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. இப்போது ஒரு இணைய நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வந்திருந்தது. ஒரே நிபந்தனை, இந்த மாதக் கடைசிக்குள் வெளியே ஒரு திருட்டுப் பிரிண்ட்கூட இருக்கக் கூடாது. பேரைப் பார்த்ததும் 'அட, நானும் அவரும் முதல் நாளே போய்ப் பார்த்த படம்' என்று நினைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஹெட்போனை மாட்டி ஓட விட்டாள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி. வீட்டுக்குள் நுழைந்த திருடனை, வரச்சொல்லியிருந்த பிளம்பர் என்று நினைத்து வீட்டுக்காரர் குழாயைச் சரிபண்ணச் சொல்கிறார். திருடனும் வேறு வழியில்லாமல் சரிபண்ணுகிறான். கூலி கேட்டால் வீட்டுக்காரர் பேரம் பேசுகிறார். திருடனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. "வேலை வாங்கிட்டுக் காசு குடுக்க மாட்டேங்கறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களாய்யா?"

அங்கே உதைத்தது ஸ்கூட்டர். நாலு உதை. பிடித்துக்கொண்டது. காதுக்குள், கைக்கெட்டும் தூரத்தில், அவரேதான்! அதன் மேலேயே ஒரு பொம்பளைக் குரல் விழுந்தது. "ஐயோ, வாயை மூடுங்களேன். எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. அசிங்கமா இருக்கு." சிரிப்பு சட்டென்று நின்றது. விக்கல்கூட வரவில்லை.

பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். படத்தைத் திருடியவன் இவர்களுக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், படுபாவி. அவனைத் திட்டுவதா, கும்பிடுவதா?

அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். தன் குரல் முடிகிற இடத்துக்கு மேல் ஒரு தடவைகூடப் போகவில்லை. அதைத் தாண்டிக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

தொழில் தெரிந்தவள் அல்லவா, உடனே புரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பைவிட நல்ல அடையாளச் சத்தம் அந்தப் பிரிண்ட்டில் கிடையாது. உலகத்தில் வேறு எவனுக்கும் அப்படிச் சிரிக்க வராது. அதை மெஷினிடம் கொடுத்தால், அது எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் தேடிப் போய் அழிக்கும். கடைசியில் ஆபீஸ் பிரதியையும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. பென் டிரைவ் விவகாரத்துக்குப் பிறகு அந்த விதியை எழுத வைத்தவளே அவள்தான்.

சிரிப்பைக் கொடுக்கவில்லை. படத்தின் ஆரம்பத்தில் கேட்ட ஒரு போன் மணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வீட்டுக்குப் போனாள்.

மேனேஜர் மறுநாள் தலையில் அடித்துக்கொண்டு வந்தான். "என்னக்கா இது? பாதி உலகம் வச்சிருக்கிற ரிங்டோனைப் போய்க் குடுத்திருக்கீங்க! மெஷின் யார் யாரோ வீட்டுப் பிறந்தநாள் வீடியோவை எல்லாம் அழிக்கணும்னு நிக்குது. உங்களுக்கே காது அடைச்சுக்கிச்சா?"

"வேற பாக்கறேன்."

அடுத்து ஒரு இருமலைக் கொடுத்தாள். அதுவும் உதவாத இருமல், உதவாது என்று தெரிந்தே கொடுத்தாள். மாதக் கடைசி நெருங்கியது. பிரிண்ட்டுகள் அதுபாட்டுக்கு உலவிக்கொண்டிருந்தன. அவள் தினமும் மத்தியானம் சாப்பிடாமல் அந்த நாலு உதையைக் கேட்டாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இயக்குநர் நேரிலேயே வந்துவிட்டான். ஒல்லிக்குச்சி உடம்பு, கசங்கிய சட்டை. படம் ஊத்திக்கொண்ட பிறகு விழாக்களுக்கு வீடியோ எடுத்துப் பிழைக்கிறானாம். மேனேஜர் அவனை அவள் மேஜையில் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொண்டான்.

"அக்கா, இது கைவிட்டுப் போச்சுன்னா நான் அடுத்த படம்னு ஒண்ணை நினைச்சே பாக்க முடியாது. என்னதான் சிக்கல், சொல்லுங்க. நானும் உக்காந்து கேக்கறேன்."

"இந்த பிரிண்டை நீங்க பாத்ததே இல்லியா தம்பி?"

"என் வயித்தில அடிச்சதை நானே உக்காந்து பாப்பேனா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு ஹெட்போனைக் கொடுத்து ஓட விட்டாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்த்தான். பிளம்பர் காட்சி வந்தது. சிரிப்பு வந்தது. அவன் நிமிர்ந்தான்.

"அக்கா, அதைத் திரும்பப் போடுங்க."

போட்டாள்.

"இன்னொரு தடவை."

அவன் கண் கலங்கியிருந்தது. "முதல் நாள் பயந்துக்கிட்டு நான் தியேட்டருக்குள்ளயே போகல. வாசல்லயே நின்னேன். மறுநாள் போனா உள்ள ஆளே இல்ல. என் படத்துக்கு ஒரு ஆள் சிரிச்சு நான் கேட்டதில்லக்கா, இதான் முதல் தடவை." அப்புறம் கேட்டான், "யாருக்கா அது, இப்படிச் சிரிக்கிறாரு?"

ஆனால் பதிலுக்குக் காத்திராமல் அவனே படத்தை மேலே ஓட விட்டுவிட்டான். அவள் தாண்டாத இடத்தை அவன் தாண்டினான். அடுத்த ஜோக் வந்தது. அவன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு குனிந்தான். சிரிப்பு இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவன் தோள் மெல்லத் தொய்ந்தது.

"அதுக்கப்புறம் அவருக்குப் புடிக்கல போலிருக்கு" என்றான்.

அப்படியே நம்பட்டும் என்று விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. "புடிச்சுது தம்பி. அவர் என் வீட்டுக்காரர். இப்ப இல்ல. வாயை மூடுங்கன்னு சத்தம் போட்டது நான்தான். உங்களுக்குச் சேர வேண்டிய சிரிப்பையெல்லாம் நான் அடைச்சுட்டேன். இதை மெஷினுக்குக் குடுத்தா முழுசா போயிடும்னு இத்தனை நாளா வேணும்னே உதவாத சத்தமா குடுத்து உங்க பொழைப்பிலும் மண்ணைப் போட்டேன்."

படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. வசனத்துக்கு அடியில் சன்னமாக ஒரு கிரீச். சீட்டு. ஜோக் வருகிற இடத்திலெல்லாம் சரியாக அந்தச் சீட்டு குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு உடம்பைக் குலுக்கிக் குலுக்கி... அடப் பாவி மனுஷா!

"கேளுங்க தம்பி, கேளுங்க! அந்தச் சீட்டைக் கேளுங்க." சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவனுக்கும் கேட்டது. இரண்டு பேரும் படத்தை விட்டுவிட்டு ஒரு நாற்காலி குலுங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காட்சியில் அது குலுங்கிய குலுங்கலில் அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

படம் முடிந்தது. திருட்டுத்தனமாய்ப் படம்பிடித்தவனுக்குக் கேமராவை உடனே அணைக்கத் தோன்றவில்லை போல. ஜனங்கள் எழுந்திருக்கிற சத்தம், செருப்பைத் தேடுகிற சத்தம். நடுவில், பக்கத்தில், பயந்த மாதிரி அவர் குரல்.

"நல்லா இருந்துச்சுல்ல?"

அதற்குப் பதில் வரவில்லை. பாம்புக்காதைத் தீட்டித் தீட்டிக் கேட்டாள். அன்றைக்குக் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவள் ஒரு 'ம்'கூடக் கொட்டவில்லை. அத்தோடு பிரிண்ட் நின்றுபோனது.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். "படம் என்னோடதுக்கா. நானா குடுத்தா அது திருட்டு இல்ல. மேனேஜர்கிட்ட நான் எழுதிக் குடுத்துடறேன். அந்தச் சிரிப்பை வெட்டி நீங்க எடுத்துக்குங்க."

அவள் சிரிப்பை வெட்டினாள். கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தாள். பிறகு அதை அவன் போனுக்கு அனுப்பினாள்.

"அக்கா, இது உங்களுக்கு..."

"அது உங்களுக்காகச் சிரிச்சது தம்பி. காசு குடுத்து டிக்கெட் வாங்கி, உங்க ஜோக்குக்குச் சிரிச்சது. உங்களுக்குத்தான் சேரணும்."

சிரிப்பை மெஷினுக்கும் கொடுத்தாள். மெஷின் தன் வேலையைத் தொடங்கியது. பிறகு பிரிண்ட்டின் கடைசிக்குப் போய், அந்தக் கேள்வியையும் அதற்குப் பின்னால் இருந்த கொஞ்ச மௌனத்தையும் வெட்டித் தன் போனில் போட்டுக்கொண்டாள்.

"அது போதுமாக்கா?"

"இது என்கிட்ட கேட்டது" என்றாள். "நான் இன்னும் பதில் சொல்லல."