டொரத்தியின் போத்தல்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஸ்டானிஸ்லாஸுக்கும் அவர் மனைவி டொரத்திக்கும் இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி உண்டு. ஆனால் அந்த வீட்டில் நோயாளி என்ற பெயர் அவருக்கு மட்டும்தான். அவர் உடம்பு கனத்தவர். தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றித் தரும் செண்டோல் கடையைக் கண்டால் கால் தானாக நிற்கும். டொரத்தி ஒல்லி. "எனக்கு லேசாத்தான் இருக்கு" என்று சொல்லித் தன் மாத்திரையை நினைத்தால் விழுங்குவாள், இல்லாவிட்டால் இல்லை. அவர் மாத்திரை போட்டாரா என்று மட்டும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள்.

வருடாந்திரப் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே அரசாங்க கிளினிக்குக்குப் போனார்கள். சிறுநீர் பிடிக்க ஆளுக்கொரு போத்தலும் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கரும் கிடைத்தன. டொரத்தி தன் வேலையை முடித்து, போத்தலையும் ஸ்டிக்கரையும் கணவர் கையில் திணித்துவிட்டு எடை பார்க்கப் போய்விட்டாள். அந்த வாரம் திருட்டுத்தனமாகத் தின்ற செண்டோல் எல்லாம் ஸ்டானிஸ்லாஸின் ஞாபகத்துக்கு வந்தது. ஒல்லிக்காரியுடையது சுத்தமாகத்தானே இருக்கும்? ஸ்டிக்கர்களை மாற்றி ஒட்டிவிட்டார்.

முடிவு கேட்கப் போனபோது நர்ஸ் புனிதா சொன்னாள்: "ஆன்டி, உங்களுக்கு ஓகே லா. அங்கிளுக்குத்தான் யூரின்ல புரோட்டீன் போகுது."

ஸ்டானிஸ்லாஸ் டொரத்தியைத் திரும்பிப் பார்த்தார். "வலி ஒண்ணும் இருக்காதாம்மா?"

"வலிக்காது அங்கிள், அதான் தெரியறதில்ல. கிட்னி வடிகட்டி மாதிரி. ரத்தத்துல சீனி கூடவே இருந்தா அதுல உள்ள பொடிப்பொடி ரத்தக் குழாய் கெட்டுப் போயிரும். உள்ள நிக்க வேண்டிய புரோட்டீன் வெளிய ஒழுகும். சும்மா விட்டா கடைசில டயாலிசிஸ்தான். மறுபடி ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டு டாக்டர் மருந்து குடுப்பாங்க."

அன்று மாலை அவர் தட்டில் உப்பில்லாத பாகற்காய். எதிரே டொரத்தி, தான் தேறிவிட்ட சந்தோஷத்தில், குவே லாப்பிஸ் இனிப்பை அடுக்கடுக்காக உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒவ்வோர் அடுக்காக உள்ளே போவதைப் பார்த்தவர் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வேணாம் டொரத்தி. கீழ வை."

"என்ன, பொறாமையா?"

"ஒழுகுறது உன் கிட்னி."

நடந்ததைச் சொன்னார். டொரத்தி எழுந்து நின்றாள்.

"இத்தன வருஷமா என் பர்ஸ்லதான் கைய வைப்பீங்க. இப்ப மூத்திரத்தையும் விட்டு வைக்கலியா?"

கத்தித் தீர்த்துவிட்டு, குரல் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். "கொஞ்ச நாளாவே நுரைநுரையா போச்சுங்க. டாய்லெட் கழுவ புதுசா வாங்கினோமே, அந்த மருந்தாலனு நெனச்சிட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் உதறவில்லை.

மறுநாள் காலையில் கிளினிக் திறந்ததும் போய் ஒப்புக்கொண்டார்கள். புனிதா அவரைக் கடுமையாகத் திட்டினாள். பாதியில் சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. மறுபரிசோதனையில் ஸ்டானிஸ்லாஸுக்கு ஒன்றுமில்லை. டொரத்திக்குப் புரோட்டீன் உறுதியானது. ஆரம்ப நிலைதான், சீனியையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால் மேலும் கெடுவதைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொல்லி மருந்து கொடுத்தார். டொரத்தி இப்போது ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை போடுகிறாள்.

ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது தோழிகளிடம், "என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சாரு. இல்லாட்டி என் கிட்னி போயிருக்கும்" என்றாள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சாரு?"

டொரத்தி கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அது குடும்ப விஷயம்" என்றாள்.

ஸ்டானிஸ்லாஸ் சீனி போடாத தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.