பெயர் வெட்டிய பாத்திரங்கள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பி வராது. கோவில்பட்டி மெயின் ரோட்டில் முப்பது வருடம் பாத்திரக்கடை வைத்திருந்தால் உங்களுக்கும் வராது.

அந்தப் பெண் முதலில் எடைக்குப் போட்ட பித்தளைக் குடத்தில் 'பேச்சித்தாய்' என்று இருந்தது. அடுத்த வாரம் தூக்குவாளி, 'செல்வமாரி'. மூன்றாவது வாரம் அண்டா, 'சுடலையம்மாள்'. மூன்றும் என் கடையில் விற்று, நானே உளியால் புள்ளி வைத்து வெட்டிய பெயர்கள். இவள் கைக்கு எப்படி வந்தன?

போன வருடம் திருட்டுச் சாமான் வாங்கினார் என்று பக்கத்துத் தெருக் கடைக்காரரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அதோடு அவர் கடை முடிந்தது. பைபாஸில் பெரிய ஷோரூம் வந்தபின் எனக்கு ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தாலே அதிகம். கெட்ட பெயரும் சேர்ந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"உன் பேரென்னம்மா?"

"ராமலட்சுமி. பசுவந்தனை, அண்ணாச்சி."

"இதுல சுடலையம்மாள்னுல்லா இருக்கு?"

"அவிய குடுத்துவிட்டாவ."

"ஏன், அவியளுக்குக் கடைக்கு வரத் தெரியாதா?"

அவள் தரையைப் பார்த்தாள். திருட்டுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அண்டாவை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டேன்.

"பேருக்கு உரியவிய மூணு பேரும் நாளைக்கு நேர்ல வரணும். இல்லைன்னா ஸ்டேஷனுக்குப் போயிருவேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார்கள். மூன்று பேர் இல்லை, பதினாறு பேர். எல்லார் கையிலும் பையோ சாக்கோ இருந்தது. அரசுப் பருப்புக் கிட்டங்கியில், அந்தப் பெரிய கிடங்கில், பயறு புடைக்கும் பெண்கள். சம்பளத்தன்று சாயங்காலம் கூட்டமாக வந்து வாங்குவார்கள். ஆறு மாதமாகக் காணோம். ஷோரூமுக்குத் தாவிவிட்டார்கள் என்று பார்க்கிறவரிடமெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

சுடலையம்மாள் முன்னால் வந்தாள்.

"கிட்டங்கியத் தனியாருக்கு விட்டுட்டாவ, அண்ணாச்சி. எங்களை வேண்டாம்னுட்டாவ. வாங்குன கடையிலயே விக்க வெக்கமா இருந்துச்சு. ராமலட்சுமி கடைசியா வேலைக்குச் சேந்தவ, உங்களுக்கு மொகம் தெரியாதுன்னு அனுப்புனோம்."

"வேற கடையில போட்டிருக்கலாமே?"

"உங்ககிட்டதான் எடை சரியா இருக்கும்."

எனக்கு அவமானமாக இருந்தது. ராமலட்சுமியிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். அவள் கடைக்குள்ளேயே வரவில்லை, ரோட்டின் எதிர்ச்சாரியில் நின்றாள்.

பக்கத்து ஜவுளிக்கடை வன்னியபெருமாள் எட்டிப் பார்த்தார். என் வாசல்வரை கூட்டம் நின்று எத்தனை காலமாயிற்று.

"என்ன அண்ணாச்சி, யாவாரம் ஜோரா நடக்குது போல?" என்றார். குரலில் பொறாமை இருந்தது.

"ஆமா" என்று சொல்லிவிட்டு முதல் குடத்தைத் தராசில் வைத்தேன்.