ரெண்டாவது கண்

எனக்கு வாய் நீளம். இது தெருவுக்கே தெரியும், எங்க அம்மா தினமும் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுறதுதான். அப்படிப்பட்ட நான், திறந்தே ஆகவேண்டிய ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அதைத்தான் சொல்லப்போறேன். நடுவுல யாரும் ஆறுதல் சொல்லிடாதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

எனக்கு வேலை கேமரா ரூம்ல. மூணாவது மாடி, ஜன்னலே கிடையாது, ஏ.சி. போட்டு நடுங்க வெப்பாங்க. போலீஸ் தேடுற ஆளுங்களோட பட்டியல் ஒண்ணு மெஷினுக்குள்ள இருக்கும். ரோட்டுல, ரயில் ஸ்டேஷன்ல போற வர்ற முகத்தையெல்லாம் மெஷின் அந்தப் பட்டியலோட ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும். ஒத்துப்போற மாதிரி ஒரு முகம் வந்தா 'டிங்'னு ஒரு சத்தம். திரையில இடது பக்கம் பட்டியல் போட்டோ, வலது பக்கம் கேமரா போட்டோ, கீழே 'ஆம்', 'இல்லை'ன்னு ரெண்டு பட்டன். மெஷின் சொன்னா மட்டும் போதாது, ரெண்டு மனுஷங்க தனித்தனியா பார்த்து ஆம்னு சொன்னாத்தான் ஆளைப் பிடிக்கலாம்னு சட்டம். முதல் கண், ரெண்டாவது கண்ணுன்னு எங்களுக்குப் பேரு. நாற்பது செகண்ட் டைம். அதுக்குள்ள அமுக்கலைன்னா 'தாமதம்'னு சிவப்புல விழும். மாசக் கடைசியில சூப்பர்வைசர் அதை வெச்சே எங்களை வறுத்தெடுப்பார்.

சட்டம் எழுதினவங்க நல்லவங்கதான். ஆனா அவங்களுக்கெல்லாம் ஒண்ணுக்கே வராது போலிருக்கு. எட்டு மணி நேர ஷிஃப்ட்ல ஒருத்தி எழுந்து போனா அந்த நாற்பது செகண்டை யார் பார்க்கிறது? அதனால நாங்களே ஒரு வழி பண்ணிக்கிட்டோம். எழுந்து போறவ திரையைத் திறந்தபடியே விட்டுட்டுப் போவா. பக்கத்து சீட்டுக்காரி ரெண்டு பேருக்கும் சேர்த்து அமுக்கிடுவா. ரூம்ல இருந்த பதினாறு பேரும் இப்படித்தான் செஞ்சோம். சூப்பர்வைசருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கத்தான் அவருக்குத் தனி ரூம் கொடுத்திருந்தாங்க.

என் பக்கத்து சீட்டுக்காரியை நாங்க 'ஸ்பீடு'ன்னு கூப்பிடுவோம். நாம டிபன் பாக்ஸைத் திறக்கிறதுக்குள்ள அவ கை கழுவிட்டு வந்துடுவா. நல்லவ. எனக்குக் காய்ச்சல்னா எனக்குப் பதிலா அவ ஷிஃப்ட் பார்ப்பா. ரெண்டு சின்னக் குழந்தைங்க, புருஷன் இல்லை.

அன்னைக்குக் காலையில பதினோரு மணி பத்து நிமிஷத்துக்கு என் தம்பி போன் பண்ணான். ரூமுக்குள்ள போன் பேசக் கூடாது, அதனால வெளியே வராந்தாவுக்குப் போனேன். என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். எனக்கு ஒன்பது வயசு இளையவன், இடுப்புல தூக்கிச் சுமந்து வளர்த்தேன்.

"அக்கா, அம்மாவோட முட்டி வலி மாத்திரை பேரு என்ன? கடை வாசல்ல போய் முழிச்சிட்டு நிக்க முடியாது."

"ஏண்டா, முழு லிஃப்ட்டையே பிரிச்சுப் பூட்டுறே, ஒரு மாத்திரை பேரு மண்டையில நிக்காதா?"

"லிஃப்ட் உன்னை மாதிரி திட்டாதுக்கா, அதான் நிக்குது"ன்னு சிரிச்சான். ரயில் ஸ்டேஷனைக் கடந்து போயிட்டிருக்கேன்னு சொன்னான். நாலு நிமிஷம் அப்படியே வம்பளந்தோம்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். "ஒண்ணு வந்துச்சுடி, உனக்கும் சேர்த்து அமுக்கிட்டேன்"னு ஸ்பீடு சொன்னா. "உன் கைக்குத் தங்க வளையல்தான் போடணும்"னு சொல்லிட்டு வேலையைப் பார்த்தேன். யாரு, என்னன்னு கேக்கவே இல்லை. கேட்டிருந்தா ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை.

சாயங்காலம் அம்மா அழுதுக்கிட்டே போன் பண்ணாங்க. மத்தியானமே தம்பியை வேலை செய்ற இடத்துலேர்ந்து அள்ளிட்டுப் போயிட்டாங்களாம். அஞ்சு வருஷம் முன்னாடி மின்சார நிலையத்துக்குத் தீ வெச்ச ஒருத்தன், அது இவன்தான்னு சொல்றாங்களாம். எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, சத்தியமா. அவன் அடுப்பையே குச்சி நீட்டிப் பயந்து பத்த வெக்கிற ஆளு. "ஆள் மாறாட்டம்மா, நாளைக்கே விட்டுடுவாங்க"ன்னு சொன்னேன்.

மறுநாள் காலையில ஆறரை மணிக்கு ஷிஃப்ட்டுக்குப் போனதும் முதல் வேலையா முந்தின நாள் பதிவைத் திறந்து பார்த்தேன். பதினொண்ணு பதினாலு, ரயில் ஸ்டேஷன் தெற்கு வாசல். இடது பக்கம் எவனோ ஒருத்தன், கலங்கலா. வலது பக்கம் என் தம்பி. காதுல போன், பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு இருக்கான். என்கிட்ட பேசிட்டிருக்கும்போது எடுத்தது. கீழே முதல் கண்: முப்பத்தொண்ணாம் எண், ஆம். ரெண்டாவது கண்: இருபத்தேழாம் எண், ஆம்.

இருபத்தேழு நான்.

அவன் முதுகைக் காட்டிக்கிட்டு நடந்தாக்கூட ஆயிரம் பேர்ல நான் கண்டுபிடிப்பேன். அவனை நான் தீ வெச்சவன்னு சொல்லியிருக்கேன்.

எங்ககிட்ட திருத்தச் சீட்டுன்னு ஒண்ணு உண்டு. 'தவறாக உறுதி செய்துவிட்டேன்'னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா, ஆளை விட்டே ஆகணும். ஆனா அமுக்கின நேரத்திலேர்ந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். அதாவது எனக்கு இன்னும் நாலே முக்கால் மணி நேரம் இருந்துச்சு.

ஸ்பீடை பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போனேன். அவளுக்கு விஷயம் புரிஞ்சதும் என் கால்லயே விழுந்துட்டா. "நீ அங்க இல்லைன்னு எழுதினா உன் பேர்ல நான் அமுக்கினது வெளியே வந்துடும். அது ஜெயில் கேஸ்டி. என் குழந்தைங்களை யாரு பார்ப்பா?" எட்டு மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். அவர்கிட்டயும் சொன்னேன். மனுஷன் கதவைச் சாத்திட்டு மெதுவா, "கைரேகையை ஒத்துப்பார்த்தா ரெண்டு நாள்ல விட்டுடப்போறாங்கம்மா. அதுக்குள்ள எதுக்கு நம்ம ரூமையே இழுத்து மூடணும்?"னார்.

நான் நம்பினேன். நம்பினேன்னு சொல்றது கூடப் பொய். எனக்கும் பயம். பதினொண்ணேகால் ஆச்சு. நான் என் சீட்டுல உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

ரெண்டு நாள் ரெண்டு மாசமாச்சு. தீ வெச்ச இடத்துல கைரேகையே எடுக்கலையாம், ஒத்துப்பார்க்க எதுவும் இல்லை. இது பாதுகாப்புச் சட்டம், ஜாமீன் கிடையாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மறுஆய்வுக் குழுன்னு ஒண்ணு உட்கார்ந்து வெச்சுக்கலாமா விடலாமான்னு சொல்லும். நாங்க ஒரு வக்கீலம்மாவைப் பிடிச்சோம். அவங்ககிட்ட மட்டும் எல்லாத்தையும் கொட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "இப்போ வாயைத் திறக்காதீங்க. அவங்க கையில அந்த ஒரு போட்டோவைத் தவிர ஒண்ணுமில்லை. குழு விட்டுடும்னுதான் எனக்குத் தோணுது. அவர் வெளியே வந்த பிறகு நீங்க எங்க வேணாலும் போய்ச் சொல்லுங்க"ன்னாங்க.

சனிக்கிழமை சனிக்கிழமை நானும் அம்மாவும் அவனைப் பார்க்கப் போவோம். நடுவுல கண்ணாடி, ரெண்டு பக்கமும் போன். அஞ்சாவது மாசம் ஒரு நாள் சொன்னான்: "அக்கா, யாரோ ரெண்டு பேர் என் போட்டோவைப் பார்த்து ஆமான்னு சொல்லியிருக்காங்களாம். நம்பர்தான் போட்டிருக்கு, பேரு இல்லை. நீ அங்கதானே இருக்கே, யாருன்னு பாரேன். சண்டைக்கு இல்லைக்கா. என்னை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு சொல்லச் சொல்லு, அவ்ளோதான்."

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்தேன். வக்கீலம்மா சொன்னது, மண்ணாங்கட்டி எல்லாம் மறந்து போச்சு. குழுவுக்கு நாலு பக்கம் எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். கூடவே என் போன் பில்லையும் வெச்சேன். பதினொண்ணு பத்துலேர்ந்து பதினாலு வரைக்கும் நான் வராந்தாவுல அவனோடதான் பேசிட்டிருந்தேன், பட்டனை அமுக்கினது நான் இல்லைங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? அப்படித்தான் நெனச்சேன். வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்னு எனக்கு அப்போ தெரியலை.

குழுவுல மூணு பேர். நடுவுல ஓய்வுபெற்ற நீதிபதி ஒருத்தர். வக்கீலை உள்ளே விட மாட்டாங்க, நான் மட்டும் போனேன். நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன். நான் முடிச்சதும் பாதுகாப்புத் துறை அதிகாரி எழுந்தார். சின்ன வயசு, சட்டை கசங்கவே இல்லை.

"ஐயா, பதினஞ்சு ஊழியர்களும் இப்படி ஒரு வழக்கமே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. இவங்க கூடப் பிறந்தவங்க, அப்படித்தான் பேசுவாங்க. ஆனா ஒரு விஷயம் நிரூபணம் ஆயிருக்கு. எந்த கேமரா எந்தப் பக்கம் பார்க்குதுன்னு தெரிஞ்ச ஊழியர், டூட்டி நேரத்துல சீட்டை விட்டு எழுந்து, ரயில் ஸ்டேஷனைக் கடந்து போயிட்டிருந்த அந்த ஆளோடவே நாலு நிமிஷம் போன்ல பேசியிருக்காங்க. பில்லை அவங்களே கொடுத்திருக்காங்க."

"மாத்திரை பேரு கேட்டான் சார்!"னு கத்தினேன். நீதிபதி கையமர்த்தினார். அந்த மனுஷன் எங்களுக்கு விரோதி இல்லை, முகத்துல தெரிஞ்சுது. "ஏம்மா, தப்புன்னு தெரிஞ்சதும் திருத்தச் சீட்டு கொடுத்திருக்கலாமே. உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"ன்னு கேட்டார்.

"மறுநாள் காலையில ஆறரைக்கு."

"அப்போ நேரம் இருந்துச்சே."

அவர் குரல்ல கோபமே இல்லை. பக்கத்துல இருந்தவர் ஆறரைன்னு எழுதிக்கிட்டார்.

பத்து நாள்ல உத்தரவு வந்துச்சு. 'உள்ளிருந்து உதவி கிடைத்ததா என்ற விசாரணை நிலுவையில் உள்ளதால்' இன்னும் ஒரு வருஷம். எனக்கு வேலை போச்சு, அது கிடக்கட்டும். வக்கீலம்மா திட்டலை. "அதே வாரம், இதே மாதிரி ஒத்தை போட்டோ கேஸ்ல நாலு பேரை விட்டுட்டாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவை முதல்ல பேச விட்டுட்டு நான் போனை வாங்கினேன். அவன் கையில உத்தரவு நகல் இருந்துச்சு. மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு. ஒரு வரியில விரலை வெச்சு கண்ணாடி மேல அழுத்திக் காட்டினான்.

"இந்த ஆறரை மணி, சரியாக்கா? டைப் அடிச்சவங்க தப்பா போட்டுட்டாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனே எடுத்துக் கொடுத்தான் பாருங்க, அந்தப் பொய்யை.

"சரிதாண்டா"ன்னேன்.

அந்தக் காகிதத்தை மறுபடியும் மடிச்சான். "அன்னைக்குக் காலையில நான் இன்னும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுலதான்க்கா இருந்தேன். எங்க அக்கா அந்த ரூம்லதான் வேலை செய்றா, அவ பார்த்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவான்னு வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். ஒரு ஏட்டு டீ கூட வாங்கிக் கொடுத்தார். உங்க அக்கா வரட்டும்ப்பான்னார்."

நான் கண்ணாடி மேல கையை வெச்சேன். அவன் வெக்கலை.

"அடுத்த வாரத்திலேர்ந்து அம்மா மட்டும் வந்தா போதும்க்கா"ன்னான். அக்கான்னு கூப்பிட்டுத்தான் சொன்னான். போனை மாட்டிட்டு எழுந்து போயிட்டான்.

இப்பவும் சனிக்கிழமை ஆனா அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அவங்க உள்ளே போவாங்க, நான் கேட்டுக்கு வெளியே நிப்பேன். திரும்பி வந்ததும், கேக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே ஒவ்வொரு தடவையும், "என்னைக் கேட்டானாம்மா?"ன்னு கேட்டுடுவேன்.

"கேட்டான்டி. அக்கா நல்லா இருக்காளான்னு கேட்டான்"னு அம்மா சொல்லுவாங்க. எங்க அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. என் முகத்தைப் பார்க்காம, பஸ் வருதான்னு ரோட்டைப் பார்த்துக்கிட்டுத்தான் சொல்லுவாங்க.