சத்தம் வேணும்

அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது, அவ்வளவுதான். டெய்லரம்மாவின் வலது கை தோளிலிருந்தே வெட்டி இழுத்தது. பிடித்திருந்த தண்ணீர் டம்ளர் எகிறிப் போய்ச் சுவரில் மோத, அந்தச் சத்தத்துக்குக் கை இன்னொரு தரம் துள்ளியது. அவள் புருஷன் ஓடி வந்தார். ஓடி வந்தார் என்றால் நுனிக்காலில்தான். அந்த வீட்டில் இப்போதெல்லாம் எல்லாமே நுனிக்காலில்தான் நடக்கிறது.

"என் தப்புதாம்மா. கரண்டியைத் துணி மேல வெச்சிருக்கணும்," என்று கிசுகிசுத்தார்.

"அதுக்கு ஒரு தலகாணியும் போட்டுத் தூங்க வைங்க," என்றாள் அவள்.

எல்லாம் அந்த ஆஸ்துமா செய்த வேலை. ஒருநாள் மூச்சு முட்டி, இதயமே கொஞ்ச நேரம் நின்றுபோய், ஆஸ்பத்திரியில் மீட்டெடுத்தார்கள். போன உயிர் பாதி வழியில் திரும்பி வந்தது. வரும்போது சும்மா வராமல் இந்தத் துள்ளலையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. மூளைக்குக் காற்று போகாமல் இருந்ததில் வந்த கோளாறு, தசை தானாக வெட்டி இழுக்கும், இதற்கு மயோக்ளோனஸ் என்று பெயர் என்றார் டாக்டரம்மா. மாத்திரை போட்டால் குறையும், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது. தூக்கமாக வருகிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஏதாவது செய்யப் போனாலோ திடீர்ச் சத்தம் கேட்டாலோ அதிகமாகும், அதற்காக முடங்கிவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

இதில் இருந்த குசும்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மடியில் போட்டு வைத்தால் கை பச்சைப் பிள்ளை மாதிரி தூங்கும். ஒரு டம்ளரை எடுக்கலாம் என்று நினைத்த மாத்திரத்தில் முழித்துக்கொண்டு ஆடும். தன் கையே தனக்கு உதவி என்று சொன்னவன் இந்தக் கையைப் பார்த்திருக்க மாட்டான்.

அவள் புருஷன் நூலகர். வேலைக்காலம் முழுக்க வாயில் விரலை வைத்து 'உஷ்' சொல்லியே ஓய்வு பெற்ற மனிதர். டாக்டரம்மா சொன்னதில் சத்தம் என்கிற ஒன்றுதான் அவர் மனசில் தங்கியது. அதற்கு மருந்தும் அவருக்குத் தெரிந்திருந்தது. அழைப்பு மணியைக் கழற்றினார். நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். டிவியில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். பாவம், பாசத்தில் செய்ததுதான். ஆனால் வீடு அமைதியாக ஆக, அவளுக்குத் துள்ளல் கூடிக்கொண்டே போனது. நேற்று ஒரு தும்மலுக்குத் தூக்கிப் போட்டது. இன்று கரண்டி.

சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்.

"கடையைக் காஜாவையே பாத்துக்கச் சொல்லிட்டேன்மா. நாளையிலேருந்து கடை அவளோடது."

காஜா என்பவள் டெய்லரம்மாவின் தையல் கடையில் பொத்தான் துளை போடுகிறவள். அந்த வேலைக்கே காஜா என்றுதான் பேர், அவளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"சும்மா உக்காந்திருந்தா உனக்கு ஒண்ணுமே இல்லையேம்மா."

"சும்மா கெடந்தா பொணத்துக்கும்தான் ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலையில் அவள் செருப்பை மாட்டினாள். மாட்டுவதற்குள் கால் இரண்டு தரம் உதைத்து, ஒரு செருப்பு வாசலைத் தாண்டிப் போய் விழுந்தது. "பாத்தீங்களா, எனக்கு முன்னாடி அது கெளம்பிடுச்சு," என்றாள். அவர் மாத்திரை டப்பாவோடு பின்னாலேயே வந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்கினால் நின்று, மடங்காவிட்டால் நடந்து, கடைக்கு வந்து சேர்ந்தாள்.

உள்ளே மெஷின்கள் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. ரேடியோ அதன் பங்குக்குக் கத்தியது. ஒரு பெண்ணின் மடியிலிருந்து கத்திரிக்கோல் தரையில் 'டங்'கென்று விழுந்தது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

டெய்லரம்மாவின் கை லேசாகச் சிலிர்த்தது. அதோடு சரி.

"ஏங்க, கண்ணைத் தொறங்க. கத்திரிக்கோல் விழுந்துச்சு, நான் நின்னுட்டுதான் இருக்கேன். கொட்டுற மழையில ஒரு சொட்டு கூடுதலா விழுந்தா யாருக்குத் தெரியும்? நீங்கதான் வீட்டைக் காய வெச்சு, ஒவ்வொரு சொட்டையும் என் தலையில விடுறீங்க."

காஜா எழுந்து வந்தாள்.

"அக்கா, நீ உக்காரு. வெட்டுறதை நான் பாத்துக்கறேன்."

"நீ காஜாவைப் பாருடி. அந்த நீலத் துணியை எடு, இவருக்குச் சட்டை. கோணலாப் போனாலும் போட்டுக்கிட்டுதானே ஆகணும், வேற வழி?"

அளவு எடுக்கவில்லை. அந்த உடம்பு அவளுக்கு மனப்பாடம். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி நாலு இடத்தில் தாவியது. தட்டிவிட்டு மறுபடி போட்டாள். பெரிய கத்திரிக்கோலின் கீழ்அலகை மேஜையோடு அழுத்தி, முழங்கையையும் ஊன்றிக்கொண்டு வெட்டத் தொடங்கினாள். முன்பக்கம் வந்தது. முதுகும் வந்தது. சட்டையின் கைக்கு வந்தபோதுதான் கை இழுத்தது. கத்திரிக்கோல் கோட்டைத் தாண்டிக் குறுக்கே பாய்ந்து துணியைக் கிழித்தது.

ஒரு பெண் மெஷினை நிறுத்தினாள். அடுத்தவளும் நிறுத்தினாள். ரேடியோவை யாரோ அணைத்தார்கள். எல்லோர் முகத்திலும் அந்த ஆஸ்பத்திரிப் பார்வை. அந்த அமைதியில் எங்கோ ஒரு நூல்கண்டு உருண்டு விழ, அவள் உடம்பே தூக்கிப் போட்டது. கத்திரிக்கோல் கையை விட்டுப் பறந்தது.

"ஏன்டி நிறுத்துனீங்க?"

"இல்லக்கா... பயந்துட்டோம்."

"இங்க என்ன வேடிக்கையா காட்டறாங்க? எனக்குச் சத்தம் வேணும். ஓட்டுங்கடி!"

பெண்கள் அவளைப் பார்க்கவில்லை. அனுமதி கேட்பது போல அவர் முகத்தைப் பார்த்தார்கள். காஜாவும் அவரைத்தான் பார்த்தாள்.

அவர் மாத்திரை டப்பாவை மேஜையில் வைத்தார். மூலையில் ஆளில்லாமல் கிடந்த பழைய மிதி மெஷினில் போய் உட்கார்ந்தார். அவர் மிதித்ததும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிச் சண்டித்தனம் செய்தது. கையால் பிடித்து முன்னே தள்ளிவிட்டு மறுபடி மிதித்தார். நூலும் இல்லை, துணியும் இல்லை. வெறும் ஊசி தடதடவென்று ஏறி இறங்கியது.

டெய்லரம்மா குனிந்து கத்திரிக்கோலை எடுத்தாள். இரண்டாவது முயற்சியில்தான் அகப்பட்டது.

"முழுக்கை போச்சுங்க. அரைக்கைதான்."

"என்னது?" என்று அவர் கத்தினார். அந்தச் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை.

அவள் முழங்கையை ஊன்றி, அலகை நீலத்துக்குள் நுழைத்தாள். அவர் இன்னும் வேகமாக மிதித்தார்.