ஒத்தாவியோ தீவாக உட்கார்ந்த நாள்

கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட என் கைச்சரக்கு இல்லை.

இத்தாலியின் வடக்கே, மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஏரி. பனிப்பாறை ஒன்று போகிற போக்கில் உட்கார்ந்து எழுந்த பள்ளம். நடுவில் ஒரு தீவு இருந்தது. தாகத்தோடு வந்த பரதேசிக்கு ஊரார் தண்ணீர் இல்லை என்று கையை விரித்தார்கள். தீவு கோபித்துக்கொண்டு மூழ்கிவிட்டது. அன்றிலிருந்து நவம்பர் குளிரில் வரும் புனித மார்த்தீன் திருநாளில் ஊரில் ஒருவர் போய், நீர் கழுத்தளவு வர உட்கார்ந்து தீவாக இருக்க வேண்டும். தீவை இழந்த ஏரிக்கு மனசு ஆறும். சாயங்கால மணி அடித்ததும் எழுந்து வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்.

அதற்குள் யார் பாதமும் அவர்மேல் படக்கூடாது. பட்டால் பட்டதுதான், அப்புறம் அவர் தீவு. ரொட்டிக்காரர் பியேரோ அப்படித்தான் ஆனார். கிழக்குக் கரையோரம் இருக்கிறார். இப்போது அவர்மேல் ஆடு மேய்கிறது.

இந்த வருஷம் படகோட்டி ஒத்தாவியோவின் முறை. மத்தியானத்துக்குள் அவன் தோளில் நாணல் முளைத்தது. அது வழக்கம்தான். ஒரு வாத்து வந்து தலையில் அமர்ந்தது. அதுவும் வழக்கம்தான். கரையில் நின்ற அவன் மனைவி நீவெஸ் அடுத்துக் கண்டதுதான் வழக்கமில்லாதது. வெளியூர்க்காரர் ஒருவர் வாடகைப் படகில் நேரே அவனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். மடியில் சாப்பாட்டுக் கூடை.

நீவெஸ் கம்பளியை அள்ளித் தன் படகில் போட்டுக்கொண்டு துடுப்பை வலித்தாள். வலிக்க வலிக்க ஏரி நீண்டது. எதிர்க்கரை நகர்ந்து நகர்ந்து பக்கத்து ஜில்லாவுக்குள் போய்விட்டது. அங்கே யாரும் ஆட்சேபிக்கவில்லை. எப்படியோ முந்திப் போய்ப் படகைக் குறுக்கே நிறுத்தினாள்.

"ஐயா, இறங்கிடாதீங்க. அது என் வீட்டுக்காரர்."

"வரைபடத்துல தீவுன்னு போட்டிருக்கேம்மா."

"பழைய படம்."

"நாணலெல்லாம் நிக்குது?"

"காலையில இல்ல."

அவர் கூடையைப் பார்த்தார். "பசிக்குது" என்றார்.

"கரையில போய்ச் சாப்பிடுங்க."

அவர் படகைத் திருப்பிக்கொண்டு போனார். நீவெஸ் புருஷன் பக்கம் திரும்பினாள். ஒத்தாவியோவின் பற்கள் அடித்துக்கொள்வது கேட்டது. உதடு நீலம். ஒரு கன்னம் பூராவும் பாசி.

"குளிருதா?"

"தீவுக்குக் குளிராது. எனக்குக் குளிருது. அதனால இன்னும் நான் நான்தான். போடி, மணி அடிக்கட்டும்."

"கம்பளியப் போத்திவிட்டுட்டுப் போயிடறேன்."

"கிட்ட வராத, நீவெஸ்."

அந்த ஊரில் தண்ணீரில் நனைந்த புருஷனுக்குக் கம்பளி போர்த்தாத பெண் கிடையாது. கை தானாக நீளும். அவள் எட்டிப் போர்த்தினாள். படகு பின்னால் நழுவியது. விழாமலிருக்க ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தாள்.

காலுக்குக் கீழே கெட்டியாக இருந்தது.

"இப்பக் குளிருதா?" என்று கேட்டாள்.

மறுபடியும் கேட்டாள். வாத்து மட்டும் குனிந்து பார்த்தது. கரையில் சாயங்கால மணி அடித்தது.

அந்த ஏரியில் எந்த இடத்திலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்ததில்லை; அவள் விழுந்திருந்தாலும் நனைந்திருப்பாள், அவ்வளவுதான்.