சொந்த கோல் போட்டவர்தான் கேப்டன்

என் வீட்டுக்காரர் பேக்கரி மாஸ்டர். பக்கவாதம் வந்ததில் வலது கை தொங்கிப்போனது, நாக்கு குழறியது. கால் மட்டும் தப்பித்தது. அதிலிருந்து வெளியாள் யாரிடமும் வாய் திறக்கமாட்டார். என்னிடம் பேசுவார், அதுவும் காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று சொல்ல.

குழாய் மாட்ட வந்த பிளம்பர்தான் இவரைக் கால்பந்து விளையாட இழுத்துப்போனார். "எங்க கிளப்ல எல்லாருக்கும் இடம் இருக்கு அக்கா" என்றார். சும்மா சொல்லவில்லை. ஆணும் பெண்ணும் கலந்துதான் ஆடுகிறார்கள். கோல்கீப்பருக்குக் காது கேட்காது. முன்வரிசையில் ஓடும் டீச்சரம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

முதல் ஆட்டத்திலேயே என்னவர் பந்தை எங்கள் வலைக்குள்ளேயே அடித்துவிட்டார். அந்த ஒரே கோலில் தோற்றோம். வீட்டுக்கு வந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், என்னிடமும் பேச்சில்லை. பிளம்பர் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்றிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் பிளம்பரே வந்து நின்றார், டீச்சரம்மாவையும் கூட்டிக்கொண்டு.

"இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் போச்சு. திருப்தியா?" என்றேன்.

"திட்டுங்கக்கா, வாங்கிக்கறேன். ஆனா நாளைக்கு அண்ணன்தான் கேப்டன். அதைச் சொல்லத்தான் வந்தோம்."

"என்ன, கிண்டலா?"

"இல்லம்மா, எங்க சட்டமே அதான்" என்றார் டீச்சரம்மா. "மத்த டீம்ல வேணாம்னு கழிச்சுவிட்டவங்க சேந்து ஆரம்பிச்ச கிளப் இது. எங்க முதல் மேட்ச்ல, இதோ இந்தப் பிளம்பரு ரெண்டு சொந்த கோல் போட்டுட்டு, இனி வரவே மாட்டேன்னுட்டாரு. கேப்டன் ஆக்கிட்டோம். கேப்டன் எப்படி வராம இருக்க முடியும்? அன்னையிலருந்து சொந்த கோல் போட்டவங்கதான் அடுத்த மேட்ச் கேப்டன்."

"ரெண்டில்ல, ஒண்ணு. இன்னொண்ணு காத்து அடிச்சது" என்றார் பிளம்பர்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மைதானத்தின் நடுவில் நடுவர் காசை நீட்டி, "பூவா தலையா?" என்று இவரைக் கேட்டார். எனக்கு நானே கத்திவிடலாமா என்றிருந்தது. எங்கள் ஆட்கள் ஒருவரும் இவருக்காகச் சொல்ல முந்தவில்லை. இவருடைய உதடு கோணியது, சத்தம் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"த... தலை!"

விழுந்ததென்னவோ பூ. ஆனால் எங்கள் ஆட்கள் கோப்பையையே ஜெயித்தது போல் குதித்தார்கள். எதிரணிக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்றும் தோற்றோம். திரும்பும்போது பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒருவரிடம், நடுவர் கொடுக்காத பெனால்டியைப் பற்றி இவர் குழறிக் குழறிப் புலம்பிக்கொண்டே வந்தார். அந்த மனிதரும் "அநியாயம்ங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அந்தக் கிளப் நன்றாயிருக்கட்டும்.